ஒன்பதாம் கட்டத்தில் எழுதிய உறவு

பூனை என்று எல்லோரும் கூப்பிடும் அவளிடம் யாராவது கேள்வி கேட்டால், முதலில் தன் கண்ணாடியைக் கழற்றுவாள். மேலங்கிப் பையில் எப்போதும் இருக்கும் மெல்லிய துணியை எடுத்து, இரண்டு பக்கமும் வட்டம் வட்டமாகத் துடைப்பாள். அதன் பிறகுதான் பதில் வரும். பதில் சொல்லி முடித்த பிறகுதான் கண்ணாடி மூக்குக்குத் திரும்பும். இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் இதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். தொழில் பழக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். விஷயம் அதுவல்ல. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பவரின் முகம் அவளுக்குத் தெரியாது. ஒரு நிழல்தான் தெரியும். நிழலோடு பேசுவது சுலபம்.

கடையில் அவளுக்குப் பின்னறை. வாடிக்கையாளர் பொறுக்கி எடுத்த பிரேமுக்கு ஏற்ப லென்ஸின் நடுப்புள்ளியைக் குறிக்க வேண்டும், இயந்திரத்தில் ஓரத்தைத் தேய்க்க வேண்டும், சூடான காற்றில் பிரேமை இளக்கி லென்ஸை உட்கார வைக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வரும். அவள் கையில் பிசகியதில்லை. முன்பக்கம் வருவது, வந்தவரின் கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளக்க மட்டும்தான். அளந்து எண்ணைச் சொல்லிவிட்டு உடனே உள்ளே போய்விடுவாள்.

பூனை என்று பெயர் வைத்தது அண்ணன். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். முப்பத்து நான்கு வருடம் பஸ் ஓட்டியவர். ஹாரன் சத்தத்துக்குள்ளேயே காலம் தள்ளியதாலோ என்னவோ, வீட்டிலும் அவருக்குக் கத்தித்தான் பேச வரும். இவள் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் ஆள் வந்ததே அவருக்குத் தெரியும்.

"பூனை வந்தாச்சா? திருடன் வந்தாக்கூட ரெண்டு பாத்திரத்தை உருட்டுவான். நீ வர்றது அடுப்புக்குத்தான் தெரியுது" என்பார்.

அந்தப் பெயர் மாடிப்படி வழியாக இறங்கிக் கட்டடம் முழுவதும் பரவிவிட்டது. அவளுடைய உண்மையான பெயர் கடையின் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. அம்மா படுக்கையில் விழுந்தபோது வீட்டில் ஒரு ஆள் இருந்தாக வேண்டியிருந்தது. அண்ணன் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். இவள் இருந்தாள். மூன்று வருடம் தனக்குத் தெரிந்த விதத்தில் பார்த்துக்கொண்டாள். படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அம்மாவின் முதுகில் புண் வந்தது. உள்ளங்கை அகலம். அதைக் கழுவும்போது அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். மகள் மனம் நோகக்கூடாது என்று சத்தம் போடமாட்டாள். அம்மா போன பிறகு பள்ளிக்கூடம் திரும்ப வெட்கமாக இருந்தது. கூடப் படித்தவர்கள் எல்லாம் மேலே போயிருந்தார்கள்.

அண்ணனுக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தால், "முதல்ல பூனைக்கு ஆகட்டும்" என்பார். பூனைக்குப் பேச்சு எடுத்தால் அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். இப்படியே இரண்டு பேருக்கும் வயது ஏறிவிட்டது. அதில் யாருக்கும் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டாம் மாடியில் இரண்டு அறை வீடு. அவர் டீவி பார்ப்பார், இவள் அவரைப் பார்த்துக்கொண்டு துணி மடிப்பாள்.

அண்ணனுக்கு நுரையீரலில் புற்றுநோய் வந்தது. ஒரு வருட வைத்தியத்தில் அவருடைய ஓய்வுப் பணம் கரைந்தது. கடைசியில் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: "இனிமே குணப்படுத்துற மருந்து இல்லம்மா. வலி இல்லாம வச்சுக்கலாம். எங்க வார்டுலயும் வச்சுக்கலாம், உங்க வீட்லயும் வச்சுக்கலாம்."

பூனை கண்ணாடியைக் கழற்றுவதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "வீடு" என்றார். அந்த வார்டில் பத்து நாள் இருந்தவர் அவர். எட்டுக் கட்டில், அணையாத விளக்கு. "வண்டி ஷெட்டுக்குத் திரும்புற நேரம் டாக்டர். ஷெட்டு எங்கன்னு டிரைவருக்குத் தெரியாதா?"

மருத்துவமனையின் வலி தணிப்புப் பிரிவிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து மருந்தைப் பார்த்துவிட்டுப் போவார். படுக்கைப் புண் வராமலிருக்க ஒரு காற்று மெத்தையும் அங்கிருந்தே இரவலாக வந்தது. மற்ற நேரத்துக்கு ஒரு ஆள் வேண்டும். பூனை வேலையை விட்டால் வாடகை கொடுக்க முடியாது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று அவளுக்குள் இருந்தது. இன்னொரு முதுகில் அந்தப் புண்ணைப் பார்க்க அவள் தயாராக இல்லை. பயிற்சி பெற்ற ஹோம் நர்ஸ் ஒருத்தியை அமர்த்தினாள். காலை எட்டிலிருந்து மாலை ஆறுவரை.

வந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, கனத்த குரல். முதல் நாளே ஆறடி உயர அண்ணனை இடுப்புக்குக் கீழே ஒரு கையும் தோளுக்குக் கீழே ஒரு கையும் கொடுத்துச் சுலபமாகப் புரட்டினாள்.

"மூட்டை மாதிரி உருட்டுறியே?" என்றார் அண்ணன்.

"மூட்டை பேசாதுண்ணே. நீங்க நிறுத்தவே மாட்டேங்கிறீங்க."

அவளுக்கு வாயாடி என்று பெயர் விழுந்தது.

ஒரு வாரம் கழித்துக் கீழ்வீட்டு அக்கா ஒரு கிண்ணம் சூப்போடு மேலே வந்தாள். பதினெட்டு வருடப் பழக்கம். பூனையின் வீட்டுச் சாவி ஒன்று அவளிடம் இருக்கும்; அவள் வீட்டுச் சாவி ஒன்று பூனையிடம் இருக்கும். பூனை வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசுகிற ஒரே வெளி ஆள் அவள்தான். கட்டடத்தில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது அவளுக்கு அத்துப்படி.

"யாரு டிரைவரண்ணே இந்தப் பொண்ணு?"

அண்ணன் கண்ணிமைக்காமல் சொன்னார்: "எங்க சித்தப்பா பொண்ணு. தங்கச்சி. ஒத்தாசைக்கு வந்திருக்கு."

சமையலறை வாசலில் நின்ற பூனை பேசவில்லை. அண்ணனின் ரோஷம் அவளுக்குத் தெரியும். காசு கொடுத்து வைத்த ஆள் தன்னைத் துடைத்துவிடுகிறாள் என்று வெளியே தெரிவது அவருக்கு அவமானமாக இருக்கும் என்று நினைத்தாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

கீழ்வீட்டு அக்கா போனதும் வாயாடி இடுப்பில் கைவைத்து நின்றாள். "எனக்குக் கூடப்பிறந்தவன் யாரும் இல்ல. ஓசில ஒரு அண்ணன் கெடச்சா வேணாம்னு சொல்வேனா? ஆனா அந்தச் சித்தப்பா யாருன்னு எனக்கும் கொஞ்சம் சொல்லி வைங்க, நாளைக்கு யாராவது கேட்டா நான் முழிக்கக் கூடாது."

பொய்க்குக் கை கால் முளைத்தது. சித்தப்பா ரயில்வேயில் இருந்தார். ஊர் ஊராக மாற்றல், அதனால்தான் இங்கே யாரும் பார்த்ததில்லை. ஒரு கால் லேசாகத் தாங்கும். கோபம் வந்தால் சாப்பிடமாட்டார். மூன்றாவது மாதத்தில் பூனைக்கே அந்தச் சித்தப்பாவின் முகம் கண்முன் வந்தது. வாயாடி அண்ணனை அண்ணே என்றாள், பூனையை அக்கா என்றாள். மருந்து கசக்கிறது என்று அவர் முகத்தைத் திருப்பினால், "எங்கப்பா கோவம் உங்களுக்கும் வந்திருச்சு பாருங்க" என்பாள். அண்ணன் இருமலுக்கு நடுவே சிரிப்பார். அவர் முதுகு கண்ணாடிபோல் இருந்தது. ஒரு சிவப்புகூட இல்லை. தினமும் மாலையில் பூனை முதலில் அதைத்தான் பார்ப்பாள்.

ஐந்தாவது மாதத்தில் வங்கிப் புத்தகத்தைப் பார்த்தாள். இன்னும் நான்கு மாதம் நர்ஸுக்குச் சம்பளம் கொடுக்கலாம். அதற்கு மேல் வழியில்லை. டாக்டரோ, ஆறு மாதமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம் என்றிருந்தார். சம்பளம் நின்றால் வார்டுதான்.

அந்த வாரம் கடையின் வரிக்கணக்கைப் பார்க்கும் கணக்கம்மா புதுக் கண்ணாடிக்கு வந்தாள். பூனை அளவுகோலை அவள் மூக்கின் மேல் பிடித்திருந்தாள்.

"ஏம்மா மறுபடி மறுபடி அளக்கிற? நீ ரெண்டாவது தடவை அளந்து நான் பார்த்ததில்லையே."

பூனை கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, சொன்னாள். கணக்கம்மா கேட்டு முடித்துவிட்டுத் தொடையில் தட்டினாள்.

"அடிப்பாவி! உன் சம்பளத்துல வரி பிடிக்கிறாங்க, அண்ணன் பென்ஷன்லயும் பிடிக்கிறாங்க. தீராத நோயாளிக்கு வீட்ல நர்ஸ் வச்சுக் காசு கொடுக்கிறவங்களுக்கு வரிவிலக்கு இருக்கே! பிடிச்சதுல பாதிக்கு மேல திரும்பி வரும், இனிமே பிடிக்கிறதும் குறையும். எல்லாம் சேர்த்தா ஒரு நாலஞ்சு மாசச் சம்பளம் தேறிடும். டாக்டர் சீட்டு, நர்ஸோட பயிற்சி எண், மாசாமாசம் ரசீது, அவ்வளவுதான். படிவத்தை நானே அனுப்பி வைக்கிறேன்."

படிவம் வந்தது. எழுதுவேன் என்று அண்ணன் அடம் பிடித்தார். தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார வைத்தால் அப்போது அவரால் அரைமணி நேரம் உட்கார முடிந்தது. "எட்டாங்கிளாஸெல்லாம் ஓரமா நில்லு. நான் பத்து பாஸ்" என்றார். எழுத்து பொடியாக இருந்ததால் கீழ்வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக வாசித்தார். தபால் நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். படிவம் என்றால் சர்க்கரை.

"ஒன்பது. பராமரிப்பவர் நோயாளிக்கு என்ன உறவு? இதுல என்ன யோசனை? தங்கச்சின்னு போடுங்க." வாசித்தவரே பதிலும் சொல்லிவிட்டார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். "தங்கச்சிக்கா சம்பளம் கொடுக்கிறீங்க?"

"அதுக்கும் வயிறு இருக்குல்ல? இருந்த வேலையை விட்டுட்டு வந்திருக்கு."

"அதுவும் நியாயந்தான்."

அண்ணன் 'தங்கை' என்று எழுதினார். மாலையில் பூனை படிவத்தை வரிவரியாகப் படித்தாள். ஒன்பதாம் கட்டத்தையும் படித்தாள். அவளுக்கு அதில் எதுவும் உறுத்தவில்லை. வீட்டில் அப்படித்தானே புழங்கிக்கொண்டிருந்தார்கள்? கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம், வரி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி நேரில் பார்க்க வந்தாள். கையில் கோப்பு, தோளில் தண்ணீர் பாட்டில், முழங்காலில் வலி. "லிஃப்ட் இல்லைன்னு படிவத்துல எழுதவே இல்லையே" என்று மூச்சு வாங்கிக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நல்ல மனுஷி மாதிரிதான் இருந்தாள். டாக்டர் சீட்டைப் பார்த்தாள். ரசீதுகளைப் பார்த்தாள். காற்று மெத்தையையும் மருந்துப் பெட்டியையும் பார்த்தாள். தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டாள். அப்போது தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாயாடி உள்ளே வந்தாள்.

"நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"தங்கச்சிங்க" என்றாள் வாயாடி.

விக்கல் மாதிரி வந்துவிட்டது. ஏழு மாதமாகப் படியில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சொன்ன பதில். சொன்ன பிறகுதான் தலையணை கீழே விழுந்தது.

அதிகாரி பேனாவை மூடினாள். "கீழ கேட்டேன். நர்ஸெல்லாம் யாரும் இல்ல, தங்கச்சிதான் பாத்துக்குது, தங்கமான பொண்ணுன்னு சொன்னாங்க. படிவத்துலயும் தங்கைன்னு இருக்கு. இப்போ நீங்களும் சொல்றீங்க."

"ஐயோ மேடம், அது வாய்ப்பழக்கம்! நான் நர்ஸ் மேடம். சம்பளத்துக்கு வர்றவ."

"வாய்ப்பழக்கத்தை நான் எந்தக் கட்டத்துலம்மா எழுதுறது? சொந்தக்காரங்களுக்குக் கொடுக்கிற காசு விலக்குல வராது. அப்படி விட்டா ஊர்ல எல்லாரும் பொண்டாட்டிக்குச் சம்பளம் போட்டுக் கணக்குக் காட்டுவாங்க." அவள் பூனையின் பக்கம் திரும்பினாள். "நீங்கதானே காசு கட்டுறவங்க? நீங்க சொல்லுங்க. உறவா, இல்லையா?"

பூனையின் கை கண்ணாடிக்குப் போனது. துணியை எடுத்தாள். துடைத்தாள். கட்டிலில் அண்ணன் இருக்கும்போது, அவர் சொன்னது பொய் என்று எப்படிச் சொல்வது? துடைத்துக்கொண்டே நின்றாள். அதிகாரி போதுமான நேரம் காத்திருந்தாள்.

"முப்பது நாள் தர்றேன்" என்று கடைசியில் எழுந்தாள். "உறவு இல்லைன்னா, இல்லைன்னு நீங்க எழுதித் தரணும். இந்தக் கட்டடத்துலயே குடியிருக்கிற ரெண்டு வீட்டுக்காரங்களும், தங்களுக்குத் தெரிஞ்சு இவங்க சம்பளத்துக்கு வர்ற நர்ஸ்தான்னு கையெழுத்துப் போடணும். இல்லாட்டி தள்ளுபடி ஆயிடும்."

கதவு சாத்திய பிறகு வாயாடி அழுதாள். "என் நாக்கை அறுத்துப் போடணும்" என்றாள்.

"அறுத்துட்டா அப்புறம் எனக்கு யாரு பொழுது போக்குறது?" என்றார் அண்ணன். அவருக்கு மூச்சு இரைத்தது. "விடு பூனை. வார்டுலயே போய்க் கிடக்கிறேன். வீடு வீடாப் போய் நாங்க பொய் சொன்னோம்னு சொல்லிக்கிட்டு நிப்பியா?"

"நிப்பேன்."

"நிப்பாளாம். பால்காரன்கிட்ட ரெண்டு பாக்கெட் வேணும்னு சொல்லத் தெரியாம ஒண்ணை வாங்கிட்டு வர்றவ."

"அண்ணே" என்றாள் பூனை. கண்ணாடி இன்னும் கையில்தான் இருந்தது. "உங்களுக்கு அசிங்கமா இருக்கும்னுதான் நான் அன்னைக்கு வாயைத் திறக்கல. இப்போ அசிங்கம் பார்த்தா உங்களை அந்த எட்டுக் கட்டில்ல ஒண்ணுல கொண்டுபோய் விடணும். என்னால முடியாது."

அண்ணன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"எனக்கு அசிங்கமா?" என்றார். "எனக்கென்னடி அசிங்கம்? முப்பத்து நாலு வருஷம் கண்டவன்கிட்டல்லாம் திட்டு வாங்கினவன். கூடப்பிறந்த அண்ணனை ஆள் வச்சுப் பாக்குறா, இவ கடைக்குப் போயிடுறான்னு உன்னைப் பேசுவாங்கன்னு நெனச்சேன். நீதான் ஒரு சொல்லு தாங்கமாட்டியே. அம்மாவுக்கு அப்படி ஆனப்ப நாலு பேர் பேசினதுக்கே நீ ஒரு மாசம் படியிறங்கல. அதுக்குத்தான் சொன்னேன்."

அவருக்காக இவள் சும்மா இருந்தாள். இவளுக்காக அவர் பொய் சொன்னார். ஏழு மாதம். வாயாடி மூக்கைத் துடைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்லா இருக்கு உங்க குடும்பம். நடுவுல மாட்டினது நானும் எங்க சித்தப்பாவும்."

"உங்க அப்பாடி அவரு" என்றார் அண்ணன்.

மறுநாள் காலை பூனை முதலில் மேலே போனாள். மேல்வீட்டில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், தனிக்கட்டை. அவர் அவளை நிற்கவைத்து ஐந்து கேள்வி கேட்டார்: நர்ஸ் எந்தத் தேதியில் வந்தாள், எத்தனை மணிக்கு வருகிறாள், சம்பளம் எப்படிக் கொடுக்கிறாய், ரசீது எங்கே, முதலிலேயே உண்மையை ஏன் சொல்லவில்லை. நான்குக்குப் பதில் சொன்னாள். ஐந்தாவதுக்குச் சொல்லவில்லை. "அஞ்சுக்கு நாலு. பாஸ்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

எதிர் வீடு ஒரு வருடமாகப் பூட்டியிருந்தது. மற்றக் குடித்தனக்காரர்கள் அவளுக்கு முகம் மட்டும் தெரிந்தவர்கள். மீதி இருந்தது கீழ்வீடு.

கீழ்வீட்டு அக்கா சமையலறையில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். "வா வா. என்ன காலங்கார்த்தாலே? தங்கச்சி வந்தாச்சா?" என்றாள்.

பூனை கண்ணாடியைக் கழற்றினாள். நிழலைப் பார்த்து ஒரே மூச்சில் சொன்னாள். அது தங்கச்சி இல்லக்கா. நர்ஸ். மாசச் சம்பளத்துக்கு வர்றா. அண்ணன் சொன்னது பொய். நான் தெரிஞ்சும் சும்மா இருந்தேன். சித்தப்பான்னு யாரும் இல்ல. இந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டாத்தான் விலக்கு கிடைக்கும். கிடைக்கலைன்னா அண்ணனை வார்டுக்கு அனுப்பணும்.

சொல்லி முடித்தபோது நெஞ்சு லேசானதுபோல் இருந்தது. தன்னால் முடிந்துவிட்டதே என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் அக்காவின் முகம் தெரிந்தது. உதடு நடுங்கிக்கொண்டிருந்தது.

"எங்க மாமியார் கடைசியாப் படுத்திருந்தப்ப என் நாத்தனார் எட்டிப் பார்க்கல. தெரியுமில்ல உனக்கு?" என்றாள் அக்கா. "போன மாசம் அவகிட்ட போன்ல சொன்னேன். மேல்வீட்ல பாரு, சித்தப்பா பொண்ணு, கூடப்பிறந்தவகூட இல்ல, வேலையை விட்டுட்டு வந்து பீ மூத்திரம் அள்ளுது, நீ பெத்த தாய்க்கு என்ன செஞ்சேன்னு கேட்டேன். அதோட பேச்சு வார்த்தையே நின்னுபோச்சு. இப்போ அது சம்பளத்துக்கு வந்தவளா?"

"அக்கா..."

"அந்தப் பொண்ணுக்குக் குளிருக்குப் போர்வை எடுத்துக் கொடுத்தேன். உன் வீட்டுச் சாவி என்கிட்ட இருக்கு பூனை. உன் வீட்ல யாரு இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. இல்ல?"

பூனை காகிதத்தை நீட்டினாள்.

"எனக்குத் தெரிஞ்சதைத்தானே எழுதச் சொல்றாங்க? எனக்குத் தெரிஞ்சது அவ டிரைவரண்ணன் தங்கச்சி. நீங்கதான் சொன்னீங்க. நான் கையெழுத்துப் போடமாட்டேன்." அக்கா திரும்பிக்கொண்டு பாத்திரம் அடுக்கினாள். ஒவ்வொன்றும் சத்தமாக விழுந்தது.

பூனை மூன்று நாள் தொடர்ந்து போனாள். பதினெட்டு வருடத்தில் அந்தக் கதவை அவள் தட்ட வேண்டி வந்தது அதுதான் முதல் முறை. முதல் நாள் கதவு திறந்து மூடியது. இரண்டாம் நாள் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அக்காவின் வீட்டுக்காரர் திறந்து, வாயில் விரலை வைத்து, "மேல வர்றேன் போ" என்று சைகை காட்டினார்.

மாலையில் வந்தார். கட்டில் பக்கத்தில், படிவம் வாசித்த அதே இடத்தில் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார், ஆனால் திறக்கவில்லை.

"இதுல கையெழுத்துப் போட்டா எனக்கு வீட்ல சோறு கெடைக்காது டிரைவரே. அது பரவாயில்ல, வெளிய சாப்பிட்டுக்குவேன். ஒண்ணு மட்டும் கேக்குறேன். அன்னைக்கு ஒன்பதாவது கட்டத்துல தங்கச்சின்னு போடச் சொன்னதே நான்தானே? அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல? நாற்பது வருஷம் படிவம் பார்த்தவன் நான். என் கையாலேயே தப்பா எழுத வச்சுட்டீங்களே."

அந்த நாலு நாளில் அண்ணன் இன்னும் தளர்ந்திருந்தார். வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது. "பொய் சொன்னது நான். பூனை இல்ல. என் மேல கோவப்படுங்க. நான் ரொம்ப நாளைக்கு இருந்து அதை வாங்கிக்கப் போறதில்ல. அவ இருப்பா. அவ மேல வைக்காதீங்க."

வீட்டுக்காரர் பேனாவைத் திறந்தார். சாப்பாட்டுத் தட்டு வைக்கும் பலகையைத் திருப்பி, அதன் மேல் காகிதத்தை வைத்து, தெளிவாக முழுப் பெயரும் வீட்டு எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு வாயாடியைப் பார்த்து, "உங்க அப்பாவுக்கு எந்தக் கால் தாங்கும்னு சொன்னே?" என்று கேட்டார்.

"இடது காலுங்க" என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டு.

"டிரைவர் வலதுன்னாரே. அப்பவே பிடிச்சிருக்கணும்."

அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலானது. வாயாடி அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைத் தடவினாள்.

இருபத்தாறாவது நாள் பூனை தானே வரி அலுவலகத்துக்குப் போய்க் காகிதங்களைக் கொடுத்தாள். அடுத்த மாதம் கடிதம் வந்தது. முதல் இரண்டு மாத ரசீதுகளில் பயிற்சி எண் எழுதவில்லை என்பதால் அவற்றைத் தள்ளிவிட்டார்கள். படிவத்தில் தவறான தகவல் கொடுத்ததற்கு ஒரு சிறு தொகை அபராதம். மீதிக்கு விலக்கு கிடைத்தது. கணக்கம்மா சொன்ன அளவு இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் கடைக்குப் போனால் சரிக்கட்டலாம் என்ற அளவுக்கு இருந்தது. பூனை ஞாயிற்றுக்கிழமையும் போனாள்.

அண்ணன் அதன் பிறகு நான்கு மாதம் இருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வாயாடி உதட்டை ஈரத் துணியால் ஒற்றிக்கொண்டிருக்கும்போது, பூனை கடைக்குக் கிளம்பச் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது, அவருடைய அறையில் அவருடைய கட்டிலில் போனார். கடைசியாகத் துடைத்து விடும்போது பூனை முதுகைப் பார்த்தாள். புண் எதுவும் இல்லை.

இது நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. காற்று மெத்தையை வலி தணிப்புப் பிரிவுக்குத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. வாயாடி இப்போது ஆற்றுப்பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறொரு வீட்டில் வேலை பார்க்கிறாள். மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து, சத்தம் போட்டுப் பேசிவிட்டுப் போகிறாள். தள்ளிவிட்ட இரண்டு மாதத்துக்குப் பூனை கொடுத்த மேல்முறையீட்டுக்கு இன்னும் பதில் வரவில்லை. கீழ்வீட்டு வீட்டுக்காரர் படியில் பார்த்தால் தலையசைக்கிறார். அண்ணனுக்கு மாலை போட அக்காவும் வந்திருந்தாள், அழுதாள். அன்று போகும்போது பூனையின் வீட்டுச் சாவியை மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள். இன்றுவரை பேசவில்லை.